மூன்றாவது பிரசவம்

ஏப்ரல் 17, புதன்

இன்று காலை பத்தரை மணிக்கு, நான் அம்மா வயிற்றில் பிறந்தவள் அல்ல என்று தெரியவந்தது. நேரத்தைக் குறித்து வைக்கிறேன். பின்னால் தேவைப்படலாம்.

எல்லாவற்றுக்கும் காரணம் குழாயடி. நேற்று எதிர்வீட்டுக் கனகா அத்தை குடத்தை முந்தி வைத்தாள். அம்மா ஏதோ சொன்னாள். அதற்கு அத்தை, பிள்ளை பெற்றிருந்தால் அல்லவா வீட்டு அவசரம் தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். பின்னால் நான் குடத்தோடு நின்றேன். வீட்டுக்கு வந்து, அப்படியானால் என்னைப் பெற்றது யார் என்று கேட்டேன். இன்று காலை இருவரும் என்னை உட்காரவைத்துச் சொன்னார்கள்.

அப்பா நின்றுகொண்டே சொன்னார், தாலுகா ஆபீஸ் சுற்றறிக்கையை வாசிப்பதுபோல. பாறையடி மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை எடுத்து வளர்த்தார்களாம். பெற்றவள் யார் என்று தெரியாது. ஏன் கொடுத்தாள் என்றும் தெரியாது. அப்பா பூவனேரியின் வி.ஏ.ஓ. ஆடு யாருடையது என்பதற்குக்கூட அத்தாட்சி கேட்பவர். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இரண்டு 'தெரியாது' வந்தது எனக்கு வியப்பாக இருந்தது. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காம்பையும் சேர்த்தே சட்டியில் போட்டாள்.

அழ வேண்டுமோ என்று யோசித்தேன். அதைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, முடிவு வரும்வரை செய்வதற்கு உருப்படியான வேலை இல்லாமல் இருந்தேன். இப்போது கிடைத்துவிட்டது. என் பிறப்பு ஆவணத்தைக் கண்டுபிடித்து, என்னைப் பெற்றவளை அறியப்போகிறேன்.

அம்மாவை இனியும் அம்மா என்றே அழைப்பேன் என்று அறிவித்தேன். அம்மா எழுந்துபோய்க் கழுவிய சட்டியை மறுபடியும் கழுவினாள்.

ஏப்ரல் 18, வியாழன்

பீரோவிலிருந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். தாய் பெயர்: சண்முகத்தாய். தந்தை பெயர்: வேலாயுதம். அதாவது அம்மாவும் அப்பாவும். அப்படியானால் இது பொய்யான ஆவணம்.

அப்பாவிடம் காட்டினேன். தத்தெடுத்தால் அப்படித்தான் மாற்றித் தருவார்கள் என்றார். நூலகத்துக்குப் போய்ப் பார்த்ததில், மாற்றுவதற்குத் தத்துப் பத்திரமோ கோர்ட் உத்தரவோ வேண்டும் என்று போட்டிருந்தது. பத்திரம் எங்கே என்று கேட்டேன். ஆபீஸ் பீரோவில் இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது என்றார். பிறகு விக்கல் வந்தது. பொய் சொன்னால் அப்பாவுக்கு விக்கல் வரும் என்று அம்மா முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் மதியம் மோர்மிளகாய் சாப்பிட்டிருந்தார். அதனால்தான்.

ஏப்ரல் 19, வெள்ளி

மாடியில் கூழ்வற்றலுக்குக் காவல். வேறு எதுவும் நடக்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

பேச்சி சித்தி வந்தாள். சித்தி அம்மாவின் தங்கை. கரிசல்புதூரில் பீடி சுற்றுகிறாள். சித்தப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. பையன்கள் இருவர். பெரியவன் மாரிச்செல்வம் திருப்பூரில் இருக்கிறான், சின்னவன் இசக்கிதுரை சுரண்டையில் மெக்கானிக் வேலை பழகுகிறான். எந்த ஞாயிறும் சித்தி வராமல் இருந்ததில்லை. வந்தால் எனக்குத் தலை பின்னிவிடுவாள். கண் இழுத்துப்பிடிக்கும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவாள். முடித்தபின் நன்றாக இல்லை என்று அவிழ்த்து, மறுபடியும் பின்னுவாள். சித்திக்கு நேரத்தின் அருமை தெரியாது.

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அம்மா அடுப்படியில் சொன்னாள். சித்தி வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"யாருன்னு சொன்னாவளா?"

"தெரியாதாம் சித்தி. கண்டுபிடிக்கப் போறேன்."

சித்தி ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். கையில் வாங்கிவந்த அதிரசப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்து, திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டாள். ஒரு குடும்ப விஷயம் வெளியே வந்தால் சம்பந்தமில்லாதவர்கள்தாம் அதிகம் கலங்குகிறார்கள்.

ஏப்ரல் 26, வெள்ளி

மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கேட்டு மூன்று நாட்களாகப் போராடினேன். அப்பாவுக்கு ஜமாபந்திக் கணக்கு வேலை. அம்மாவுக்குக் கால் வலி. கடைசியில், சொல்லி வைத்ததுபோல் வெள்ளிக்கிழமையே வந்து நின்ற சித்தி, தான் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

அம்மாவும் சித்தியும் அடுப்படியில் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். வெயிலில் என்னை அலைக்கழிப்பது பற்றி என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்டது ஒரு வரிதான். "கேட்டுக்கிட்டே இருக்காளேக்கா, எத்தன நாளைக்கு?" என்றாள் சித்தி. அம்மா பதிலே சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள்.

ஏப்ரல் 29, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

பாறையடிக்கு இரண்டு பஸ். பஸ் நிலையத்தில் இறங்கியதும் நான் வழி கேட்க ஆரம்பித்தேன். சித்தி யாரையும் கேட்காமல் நேராக நடந்தாள். ஆஸ்பத்திரியின் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்வாசல் வழியே போனாள். பழைய பிரசவ வார்டு இப்போது மருந்துக் கிடங்கு. அதன் எதிரில் நின்று, "இங்ஙன ஒரு வேம்பு நின்னுச்சு" என்றாள். நாலாவதுவரை படித்தவளுக்கு இவ்வளவு பொது அறிவு இருப்பது பாராட்டத்தக்கது.

பதிவறையில் தேவசகாயம் என்று ஒருவர் இருந்தார். என் மனுவை முழுவதும் படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். ஆனால் பிரசவப் பதிவேட்டை, பிரசவித்தவர் வந்து கேட்டால்தான் காட்ட முடியும் என்று சொல்லிவிட்டார். பிரசவித்தவரைக் கண்டுபிடிக்கத்தான் பதிவேடே வேண்டும் என்று விளக்கினேன். அவர் விதியைச் சொன்னார். நான் விதியில் உள்ள முரண்பாட்டைச் சொன்னேன். அப்போதுதான் சித்தி முன்னால் வந்தாள்.

"நாந்தான் சார் பெத்தவ. சண்முகத்தாய்னு இருக்கும் பாருங்க. வீட்டுக்காரர் வேலாயுதம். பூவனேரி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுவும் இப்படி, தடுமாறாமல், ஊர் பெயரோடு. எனக்காக அவள் பொய் சொன்னாள் என்று நினைத்ததும் கண் கலங்கியது. தேவசகாயம் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, மூக்கு அப்படியே அம்மா மூக்கு என்றார். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் ஆவணங்கள் இருக்கின்றன.

பதிவேடு வந்தது. 2008 அக்டோபர் 14. அன்று பிறந்த பெண் குழந்தை ஒன்றே ஒன்று. அதாவது நான். எடை இரண்டு கிலோ அறுநூறு. தாய்: சண்முகத்தாய், பூவனேரி. பிரசவம்: மூன்றாவது. உடன் இருந்தவர்: தங்கை, பேச்சித்தாய்.

"மூணாவதா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"ஆமா சார், மூணாவது" என்றாள் சித்தி.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உண்மை விளங்கியது. இதை நிதானமாக எழுத வேண்டும். சான்றிதழ் அம்மா பெயரைச் சொல்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவேடும் அம்மா பெயரைச் சொல்கிறது. இரண்டு ஆவணங்கள் ஒன்றையே சொன்னால் அது உண்மை. ஆகவே என்னைப் பெற்றவள் அம்மாவேதான்! எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்திருக்கின்றன. மூன்றாவதும் போய்விடக்கூடாது என்றுதான் என்னைப் பெறாத பிள்ளை என்று சொல்லியிருக்கிறார்கள். பிறந்து பிறந்து தங்காத வீட்டில், பிழைத்த பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கியது என்று சொல்லி எமனை ஏமாற்றும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நூலகத்தில் உள்ள தடித்த புத்தகத்தில் அதற்கு ஆறு பக்கங்கள் இருக்கின்றன.

சித்தியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றில் தூசி.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னேன். நீதான் என்னைப் பெற்றாய், ஆதாரம் இருக்கிறது, இனி மறைக்க வேண்டாம் என்று. அம்மாவின் கையில் வற்றல் முறம் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள் சித்தி. "அக்காதான் பெத்தா. நான் கூட இருந்தேன்லா."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அதில் இருந்தது பாதி சிந்திவிட்டது. அப்புறம் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, என் தலைக்கு மேலே முகத்தை வைத்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர். சித்தி, பஸ் போய்விடும் என்று உடனே கிளம்பிவிட்டாள். அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். அப்போது மணி நாலு.

மே 2, வியாழன்

அம்மா பதினெட்டு வயதுப் பெண்போல் இருக்கிறாள். இன்று குழாயடியில் கனகா அத்தையிடம், "நான் பெத்த பிள்ளைதான். ஆஸ்பத்திரி ரிக்கார்டே இருக்கு, வேணும்னா போயிப் பாரு" என்று தலை நிமிர்ந்து சொன்னாள். அத்தைக்கு வாயடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து எனக்குப் பாயசம் செய்தாள். என் ஆய்வின் பயன் இது.

அப்பா மட்டும் பாயசம் வேண்டாம் என்றார்.

மே 4, சனி

இறந்துபோன இருவரைப் பற்றி விசாரித்தேன். பெயர் வைத்திருந்தார்களா என்று கேட்டதற்கு அம்மா இல்லை என்றாள். எந்த வருடம் என்றதற்கு ஞாபகம் இல்லை என்றாள். துயரம் ஞாபகத்தை அழித்துவிடும் என்பது உண்மைபோல.

ஊரின் இறப்புப் பதிவேடு அப்பாவிடம்தான் இருக்கிறது. இரண்டு பதிவுகளையும் காட்டச் சொன்னேன். சாயங்காலம் முழுவதும் அப்பா எனக்கு எதிரில் உட்கார்ந்து, விரலால் கோடு பிடித்து, ஒவ்வொரு பக்கமாகத் தேடினார். ஒன்பது வருடப் பதிவேடுகள். இடையில் இரண்டு முறை எழுந்துபோய் விக்கலுக்குத் தண்ணீர் குடித்தார். கடைசியில், "எழுதாம விட்டிருப்பேன் போல" என்றார்.

சொந்தப் பிள்ளைகளின் இறப்பையே பதியாமல் விட்ட கிராம நிர்வாக அலுவலர்! நான் அதிர்ந்துபோனேன். பிறகு, பாவம், அந்த நிலையில் யாருக்குக் கை வரும் என்று நினைத்து மன்னித்துவிட்டேன்.

மே 6, திங்கள்

நாளை அமாவாசை. பதிவேட்டில் இல்லாவிட்டால் என்ன, இருவருக்கும் நானே விளக்கு ஏற்றுவதாக முடிவு செய்துவிட்டேன். அண்ணன்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று மனம் சொல்கிறது. மூத்தவருக்கு ஆதவன், இளையவருக்கு மாறன் என்று பெயர் வைத்தேன்.

மே 7, செவ்வாய்

பூஜை மாடத்துக்குக் கீழே கோலம் போட்டு, தலைவாழை இலையில் வடை, பாயசம், இரண்டு டவுசர், இரண்டு அகல் வைத்தேன். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, உச்சிப்பொழுதில் விளக்கு ஏற்றினேன். அம்மா வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். காரணம் கேட்டால் சொல்லவில்லை.

நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தி உள்ளே வந்தாள். போன ஞாயிறுகூட வந்தவள்தான். ஆனாலும் இன்று நுங்கு கொண்டுவந்திருந்தாள்.

"யாருக்குட்டி இது?"

எனக்கு முன்னால் பிறந்து இறந்த இருவருக்கும் என்றேன். பெயர்களையும் சொன்னேன்.

நுங்குப் பை கீழே விழுந்தது. சித்தி குனிந்து, எரிகிற இரண்டு விளக்கையும் வெறுங்கையாலேயே பொத்தி அணைத்தாள். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. எண்ணெய் கையெல்லாம் வழிந்தது.

"எம் பயலுவளுக்கா ஏத்துன?" என்றாள். "அவனுவ நல்லா இருக்கானுவ. ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் சுரண்டையில. நூறு வயசு இருப்பானுவ. உசுரோட இருக்கவனுக்கு விளக்கு ஏத்துவாளா ஒருத்தி?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றாள். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. சித்தியின் மணிக்கட்டைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப்போய், உள்ளங்கையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். இருவரும் அப்படியே நின்றார்கள். நான் இலையை எடுத்து மடித்தேன். வடை ஆறிவிட்டது.

மே 8, புதன்

எழுத ஒன்றுமில்லை.

மே 9, வியாழன்

நான் நேற்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை. சாப்பிட்டேன், ஏனென்றால் பட்டினி கிடப்பது வாதம் ஆகாது.

இன்று மதியம் வற்றலை டப்பாவில் அடைத்துக்கொண்டே அம்மா தானாகப் பேசினாள். கல்யாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்திருக்கிறாள். சித்தி மூன்றாவது உண்டானதும், பெண்ணாகப் பிறந்தால் உனக்கு என்று அவளாகவே வாக்குக் கொடுத்தாளாம். பின்னால் பத்திரம், கோர்ட் என்று அலைய வேண்டாம் என்று, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே பெயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அது அப்பாவின் யோசனை. எத்தனையாவது பிரசவம் என்று நர்ஸ் கேட்டபோது மட்டும், வலியில் சித்தி உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"எம் பேரைத்தான் குடுத்தோம்," என்றாள் அம்மா. "வலிய அவதான் பட்டா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கரிசல்புதூர் பதினோரு கிலோமீட்டர்தான. தெரிஞ்சா நீ போயிருவன்னு இருந்துச்சு." டப்பாவைக் குலுக்கிவிட்டு, "அன்னைக்கு நீ வந்து, நீதான் பெத்தன்னு சொன்னப்போ, இல்லன்னு சொல்ல வாய் வரலட்டி. ஆமான்னும் நான் சொல்லல. அவ சொன்னா" என்றாள்.

டப்பா மூடி பொருந்தவில்லை. நான் வாங்கி மூடிக்கொடுத்தேன்.

மே 10, வெள்ளி

தேர்வு முடிவு. நானூற்று எண்பத்தொன்று. தமிழில் தொண்ணூற்றொன்பது. அப்பா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் கையை நீட்டிவிட்டு, வாங்குவேனா என்று நின்றார். வாங்கிக்கொண்டேன்.

மே 12, ஞாயிறு

சித்தி வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து இதுவே முதல் முறை. தலையை நானே பின்னிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் அவிழ்ந்துவிட்டது.

மதியம் உட்கார்ந்து, பிறப்புப் பதிவில் தாய் பெயரைத் திருத்தக் கோரும் மனுவை எழுதினேன். இரண்டு பக்கம். நான் எழுதிய மனுக்களிலேயே சிறந்தது இதுதான். ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. அப்பா வந்து பின்னால் நின்று முழுவதும் படித்தார்.

இதைக் கொடுத்தால் விசாரணை வரும், சித்தியையும் கூப்பிடுவார்கள், தன் வேலையும் போகலாம் என்றார். ஏதோ ஒரு பட்டா விவரத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னார். பிறகு, "ஆனா நீ கேக்கது சரி. குடுக்கணும்னா நானே கொண்டு போறேன்" என்றார். அப்பாவுக்கு விக்கல் வரவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 13, திங்கள்

பிளஸ் ஒன் விண்ணப்பம் வாங்கிவந்தேன். கடைசித் தேதி வெள்ளி. மனுவை மேசையில் வைத்திருக்கிறேன். அம்மா அந்த மேசையை மட்டும் துடைக்காமல் சுற்றிப் பெருக்குகிறாள்.

மே 15, புதன்

விண்ணப்பத்தில் 'தாயின் பெயர்' என்ற இடத்தில் சண்முகத்தாய் என்று எழுதினேன். இதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அடுத்த பக்கத்தில் 'உடன்பிறந்தோர் விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எண்ணிக்கை, பெயர், வயது, தொழில். அதை நிரப்பச் சரியான தகவல் தேவைப்பட்டது. ஆகவே பத்து மணி பஸ்ஸில் கரிசல்புதூர் போனேன். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டாள், சொன்னேன். "சாப்பிட வந்திருவியா?" என்றாள். வந்துவிடுவேன் என்றேன். பஸ் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

சித்தி மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. விரல்களால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். இலை சரிந்தது.

நான் படிவத்தை விரித்து, உடன்பிறந்தோர் விவரம் வேண்டும் என்றேன்.

சித்தி சரிந்த இலையைத் தட்டில் அள்ளிப் போட்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும், அம்மா சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறாள் என்றேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாரிச்செல்வம், பனியன் கம்பெனி என்று ஆரம்பித்தாள். நான் எழுத எழுத, கழுத்தை நீட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். தாயின் பெயர் எழுதிய இடத்தையும் வாசித்தாள். தலையை ஆட்டினாள்.

இசக்கிதுரைக்கு இருபது என்று எனக்குத் தெரிந்தபடி எழுதினேன்.

"பத்தொம்பதுட்டி," என்றாள். "உனக்கும் அவனுக்கும் நாலு வயசு வித்தியாசம். அவன் பால்குடி மறந்து நடந்து திரியுறப்பதான் நீ வயித்துல வந்த. எனக்குத் தெரியாதா?"

அடித்துப் பத்தொன்பது என்று திருத்தினேன். அதன்பின் சித்தி என்னைத் திருப்பி உட்காரவைத்து, துணி சுற்றிய கையோடேயே தலை பின்னிவிட்டாள். இறுக்கமாக இல்லை.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அம்மா போட்டாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். உடன்பிறந்தோர் கட்டத்தில் அவர் விரல் நின்றது. எண்ணிக்கை: இரண்டு. நான் பேனாவைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். இது வேறு இடத்தில் யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த வீட்டில் இல்லை.

"இங்க அடிச்சித் திருத்தியிருக்கே," என்றார்.

"பத்தொன்பதுதான் சரிப்பா. பெத்தவங்க சொன்னது."

அப்பா பேனாவை வாங்கினார். திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில், ஆபீஸில் திருத்தங்களுக்குப் போடுவதுபோலவே, சின்னதாகத் தன் இனிஷியலைப் போட்டு, கீழே தேதியும் எழுதினார்.